கறந்த பால் தானே கிருமியைக் கொல்லும் என்கிறார்களே, டாக்டர்?

ஈரோடு மாவட்டத்திலிருந்து ஒரு சகோதரி நான்கு பக்கக் கடிதம் எழுதியிருக்கிறார். பெயரும் ஊரும் வேண்டாம் என்று கேட்டதால் விட்டுவிட்டேன். விஷயம் இதுதான்.

வீட்டில் நான்கு கலப்பினக் கறவை மாடுகள். போன வருடம் வரை எல்லாப் பாலும் சொசைட்டிக்குப் போனது. இப்போது கோயம்புத்தூரில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பில் பதினோரு வீடுகளுக்கு நேரடியாக ஊற்றுகிறார்கள். லிட்டருக்கு 20 ரூபாய் கூடக் கிடைக்கிறது. காலை நாலரைக்குக் கறந்து, முந்தின நாள் சாயங்காலப் பாலையும் அதோடு கலந்து, மைத்துனர் கேனில் கட்டிக்கொண்டு போய் ஏழரைக்குள் கொடுத்துவிடுகிறார். வாங்குகிறவர்களில் ஒரு குடும்பம், “பாலைக் காய்ச்சினால் அதிலிருக்கும் இயற்கையான கிருமிநாசினி எல்லாம் செத்துவிடும், நாங்கள் பச்சையாகத்தான் குடிக்கப்போகிறோம்” என்கிறது. அந்த வீட்டில் இரண்டு வயதுக் குழந்தை ஒன்று, ஆறு மாதக் கர்ப்பிணி ஒருவர்.

இதற்கிடையே இரண்டாம் ஈத்து மாட்டுக்கு ஒரு காம்பில் மட்டும் முதல் பீய்ச்சில் பால் திரித்திரியாக வருகிறது. நாலு நாளில் சரியாகும், பத்து நாளில் திரும்ப வரும். “பாலிலேயே மருந்து இருக்கு, தானாக ஆறிடும்” என்பது மைத்துனர் கட்சி. கடைசியில் ஊரில் ஊசி போடுகிற ஒருவர் வந்து அந்தக் காம்புக்குள் ட்யூப் மருந்து ஏற்றினார். அந்தக் காம்புப் பாலைக் கொட்டிவிட்டு மற்ற மூன்று காம்புப் பாலை வழக்கம்போல் விற்றிருக்கிறார்கள். அந்த வாரம் இரண்டு வீடுகளில் தயிர் உறையவில்லை என்று புகார். போதாக்குறைக்கு ஒருவர், “ஹைட்ரஜன் பெராக்சைடு நாலு சொட்டு விடுங்க, பாலோட சொந்த சக்தி தூண்டிவிடப்படும், மத்தியானம் வரைக்கும் கெடாது” என்று பாட்டிலோடு வந்து நின்றாராம். மூன்றாவது மாடு அடுத்த மாதம் கன்று போடப்போகிறது. சீம்பாலுக்கு இப்போதே ஆள் கேட்கிறார்கள், விற்கலாமா என்பது கடைசிக் கேள்வி.

சகோதரி, முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன். அந்தக் குடும்பம் சொல்வதில் பாதி உண்மை. உங்கள் மைத்துனர் சொல்வதிலும் கால்வாசி உண்மை. பெராக்சைடு பாட்டில்காரர் சொன்னதற்குப் பின்னால்கூட ஒரு நிஜமான ஆராய்ச்சி இருக்கிறது. முழுப் பொய்யை விரட்டுவது சுலபம், பாதி உண்மைதான் கட்டுத்தரைக்குள் வந்து படுத்துக்கொள்ளும். அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

பாலுக்குள் இருக்கும் காவல்காரர்கள்

பசும்பாலில் கிருமியை எதிர்க்கும் பொருட்கள் உண்டு. பெயர் தெரிந்தவை நான்கு: லாக்டோஃபெரின், லாக்டோபெராக்சிடேஸ், லைசோசைம், அப்புறம் இம்யூனோகுளோபுலின் எனப்படும் எதிர்ப்புப் புரதங்கள். இவை போக, இரத்தத்திலிருந்து மடிக்கு வந்து சேரும் வெள்ளை அணுக்கள்.

லாக்டோஃபெரினின் வேலை இரும்பைப் பிடித்து வைத்துக்கொள்வது. பல பாக்டீரியாக்களுக்குப் பெருக இரும்பு வேண்டும், கிடைக்காவிட்டால் பட்டினி. கேட்க அருமையாக இருக்கிறது, இல்லையா? ஆனால் கறவையில் இருக்கும் மாட்டின் பாலில் இது மிகக் குறைவு. ஒரு மில்லியில் சுமார் 0.1 முதல் 0.2 மில்லிகிராம். அதோடு பாலில் சிட்ரேட் என்ற உப்பு தாராளமாக இருக்கிறது. லாக்டோஃபெரின் பிடிக்க வேண்டிய இரும்பை அது தன் பக்கம் இழுத்து, பாக்டீரியாவின் கைக்கு எட்டும்படி வைத்துவிடும். மாடு வற்றிய பிறகு மடியில் தேங்கும் திரவத்தில் நிலைமை தலைகீழ். லாக்டோஃபெரின் நூறு மடங்குக்கு மேல்கூட ஏறும், சிட்ரேட் இறங்கிவிடும். அதாவது, கறக்க ஆளில்லாத நாட்களில் மடி தன்னைத் தானே பூட்டிக்கொள்கிறது. நாம் குடிக்கும் பாலுக்கு அந்தப் பூட்டு கிடையாது.

லைசோசைம் இன்னும் வேடிக்கை. பென்சிலினைக் கண்டுபிடித்த அதே ஃபிளெமிங் 1922இல் மூக்குச்சளியிலும் கண்ணீரிலும் கண்டறிந்த பொருள் இது, பாக்டீரியாவின் சுவரை உடைக்கும். தாய்ப்பாலில் லிட்டருக்கு நூற்றுக்கணக்கான மில்லிகிராம் இருக்கும். பசும்பாலில் ஒரு மில்லிகிராம்கூடத் தேறாது. தாய்ப்பாலைப் பற்றி யாரோ சொன்னதை எடுத்துப் பசும்பாலுக்குப் போர்த்தியதுதான் இணையத்தில் சுற்றும் பேச்சில் பெரும்பகுதி என்பது என் எண்ணம்.

பசும்பாலில் உண்மையிலேயே கணிசமாக இருப்பது லாக்டோபெராக்சிடேஸ் என்ற நொதி. லிட்டருக்குச் சுமார் 30 மில்லிகிராம். ஆனால் அது தனியாக ஒன்றும் செய்யாது. தயோசயனேட், ஹைட்ரஜன் பெராக்சைடு என்ற இரண்டும் கூட இருந்தால்தான் கிருமியைத் தடுக்கும் பொருள் உருவாகும். தயோசயனேட் மாடு தின்னும் தீவனத்தைப் பொறுத்துக் கூடும், குறையும். (இதைப் படித்துவிட்டு, தயோசயனேட்டைக் கூட்டுகிறேன் என்று மரவள்ளி இலையை அள்ளிப் போட்டுவிடாதீர்கள். மரவள்ளி இலையாலும் இளஞ்சோளப் பயிராலும் நுரை தள்ளி விழுந்த மாடுகளை நான் வேண்டிய அளவுக்குப் பார்த்தாயிற்று.) பெராக்சைடு பாலில் மிகச் சொற்பம், அதுவும் கறந்த கொஞ்ச நேரத்தில் தீர்ந்துவிடும்.

எல்லாம் சேர்ந்து உங்களுக்குத் தருவது என்ன? கறந்த பால் ஓரிரண்டு மணி நேரம் தாக்குப்பிடிக்கும். அந்த நேரத்தில் பாக்டீரியா மெதுவாகப் பெருகும், சில வகை கொஞ்சம் குறையவும் செய்யும். அதற்குப் பிறகு பால் என்பது பாக்டீரியாவுக்கு இளஞ்சூட்டில் பரிமாறிய விருந்து. ஒரு மில்லியில் ஆயிரம் பாக்டீரியா இருந்து, அரை மணிக்கு ஒருமுறை இரட்டித்தால் ஐந்து மணி நேரத்தில் பத்து லட்சத்தைத் தாண்டிவிடும். முந்தின நாள் சாயங்காலப் பாலைக் காலைப் பாலோடு கலக்கிறீர்களே, அங்கேதான் எனக்குப் பயம். இரவு முழுக்க வளர்ந்த கூட்டத்துக்குப் புதுப் பாலையும் அதன் சூட்டையும் சேர்த்துக் கொடுக்கிறீர்கள். இன்றோடு அதை நிறுத்துங்கள். சாயங்காலப் பால் சொசைட்டிக்கே போகட்டும், அங்கே குளிரூட்டும் தொட்டி இருந்தால் நான்கு டிகிரிக்கு இறக்கிவிடுவார்கள். காலைப் பாலைக் கறந்ததும் கேனோடு குளிர்ந்த தண்ணீர்த் தொட்டியில் கழுத்தளவுக்கு இறக்கி, ஆறிய பிறகு ஈரச் சாக்கு சுற்றி அனுப்புங்கள்.

பச்சைப் பால் கேட்கும் குடும்பத்துக்கு என்ன சொல்வது

அவர்கள் அஞ்சுவது போலக் காய்ச்சினால் இந்தப் புரதங்கள் சிதையும் என்பது உண்மைதான். ஆனால் லாக்டோபெராக்சிடேஸ் கொஞ்சம் கெட்டிக்காரன். 72 டிகிரியில் 15 விநாடி சூடாக்கும் பாஸ்டுரைசேஷனிலும் அதன் பெரும்பங்கு பிழைத்திருக்கும், 80 டிகிரியைத் தொட்டால்தான் விநாடிகளில் அழியும். ஆக, அந்தக் காவல்காரர்தான் வேண்டுமென்றால் சரியாகப் பாஸ்டுரைஸ் செய்த பாலிலும் அவர் இருக்கிறார். பச்சையாகக் குடித்தால் கூடுதலாகக் கிடைப்பது என்னவென்று சொல்கிறேன்.

புருசெல்லா. சினை மாடு ஆறு ஏழு மாதத்துக்கு மேல் கருச்சிதைந்து கன்று வீசுகிறதே, அதற்கு முக்கியமான காரணங்களில் ஒன்று. அந்த மாட்டின் பாலில் கிருமி வரும், மாடு பார்க்க நன்றாகவே இருக்கும். மனிதருக்கு வந்தால் விட்டுவிட்டு வரும் காய்ச்சல், மூட்டுவலி, மாதக்கணக்கில் மருந்து. கர்ப்பிணிக்குக் கரு கலையவும் கூடும். மாட்டுக் காசநோய்க் கிருமியும் பால் வழியாக வரும். லிஸ்டீரியா என்று ஒன்று உண்டு, அது குளிர்பதனப் பெட்டிக்குள்ளும் வளரும், கர்ப்பிணிகளை மற்றவர்களைவிட எளிதாகத் தாக்கும். லாக்டோஃபெரினோ லாக்டோபெராக்சிடேஸோ இவற்றில் எதையும் பாலிலிருந்து துடைத்து எடுப்பதில்லை.

நான் உங்கள் இடத்தில் இருந்தால் அந்த வீட்டில் போய்த் தெளிவாகச் சொல்லிவிடுவேன்: “குழந்தைக்கும் மருமகளுக்கும் காய்ச்சித்தான் கொடுக்கணும். பச்சையாகத்தான் வேணும்னா வேற இடம் பாருங்க.” ஒரு வாடிக்கை போகலாம். போகட்டும். நல்ல பாக்டீரியா வேண்டும் என்பது அவர்கள் ஆசையானால் காய்ச்சி ஆறவைத்த பாலில் வீட்டில் உறை ஊற்றிய தயிர் இருக்கிறது. நம் பாட்டிமார் பாலைப் பொங்க வைத்துவிட்டுத்தான் மற்ற வேலை பார்த்தார்கள்.

சட்டம் பற்றி ஒரு வரி கேட்டிருந்தீர்கள். எல்லாப் பாலையும் கூட்டுறவுச் சங்கத்துக்கு ஊற்றும் உறுப்பினருக்கு உணவுப் பாதுகாப்புப் பதிவிலிருந்து விலக்கு உண்டு. நேரடியாக வீடுகளுக்கு விற்க ஆரம்பித்ததும் அந்த விலக்கு உங்களுக்குப் பொருந்தாது. மாவட்ட உணவுப் பாதுகாப்பு அலுவலகத்தில் விசாரித்துப் பதிவு எடுத்துக்கொள்ளுங்கள். யாராவது ஒருவர் நோயில் விழுந்த பிறகு எடுக்க முடியாது.

அந்த பெராக்சைடு பாட்டில்

நிஜமான ஆராய்ச்சி இருக்கிறது என்றேன் அல்லவா, அது இதுதான். பாலில் ஏற்கெனவே உள்ள லாக்டோபெராக்சிடேஸைத் தூண்டிவிட, லிட்டருக்கு 14 மில்லிகிராம் சோடியம் தயோசயனேட்டும் 30 மில்லிகிராம் சோடியம் பெர்கார்பனேட்டும் சேர்க்கும் முறைக்கு கோடெக்ஸ் என்ற சர்வதேச உணவுத் தர அமைப்பு 1991இல் வழிகாட்டுதல் வெளியிட்டது. 30 டிகிரி வெயிலில் அந்தப் பால் ஏழெட்டு மணி நேரம் தாங்கும். ஆனால் குளிரூட்டும் வசதிக்கு வழியே இல்லாத இடங்களுக்கு, கறந்த இரண்டு மூன்று மணிக்குள், பயிற்சி பெற்றவர்கள் சேகரிப்பு நிலையத்தில் அளந்து போடுவதற்காக எழுதப்பட்டது அது. அப்படியும் கிருமி வளர்ச்சி தள்ளிப்போகுமே தவிர, கிருமி சாகாது. கெட்ட பாலை அது நல்ல பாலாக்காது.

உங்களிடம் வந்தவர் கையில் இருந்தது அளவும் இல்லாத, உணவுக்கென்று தயாரித்ததும் இல்லாத பாட்டில். இங்கே பாலில் பெராக்சைடு கலப்பது கலப்படம், பரிசோதனையில் தெரிந்துவிடும். திரும்ப வந்தால் வாசலோடு அனுப்பிவிடுங்கள்.

திரும்பத் திரும்ப வரும் அந்தக் காம்பு

இனி மைத்துனரிடம் வருகிறேன். மடிக்குச் சொந்தக் காவல் உண்டு என்று அவர் சொல்வது சரி. முதல் காவல் காம்பின் நுனித் துவாரம், உள்ளே கெரட்டின் என்ற மெழுகு போன்ற பொருள் அடைத்து நிற்கும். கறந்து முடித்ததும் அந்தத் துவாரம் முழுதாக மூட அரை மணியிலிருந்து ஒரு மணி நேரம் பிடிக்கும். அந்நேரம் மாடு சாணியில் படுத்தால் கதவைத் திறந்து வைத்துத் திருடனைக் கூப்பிட்ட மாதிரி. அதனால்தான் கறந்ததும் தீவனம் போடு, மாடு நின்றுகொண்டு தின்னட்டும் என்று சொல்கிறோம்.

அதையும் தாண்டிக் கிருமி உள்ளே போனால் வெள்ளை அணுக்கள் படையாக வரும். நல்ல மடியில் ஒரு மில்லி பாலில் ஒரு லட்சம் அணுக்களுக்குள் இருக்கும், இரண்டு லட்சத்தைத் தாண்டினால் சந்தேகப்பட வேண்டும். மடிநோய் வந்தால் பல லட்சம். ஆனால் பாலுக்குள் அவை அவ்வளவு நன்றாகச் சண்டை போடாது, கொழுப்புத் துளியையும் கேசின் என்ற பால் புரதத்தையும் விழுங்கி வயிறு நிறைந்துவிடும். இந்த அணுக்களும் சிதைந்த திசுவும் உறைந்த புரதமும் கலந்ததுதான் நீங்கள் பார்க்கும் திரி. மடிநோய்ப் பாலில் லாக்டோஃபெரினும் ஏறும். “அப்படியானால் நோய்ப் பால் இன்னும் நல்லதா?” என்று ஒரு கூட்டத்தில் என்னிடம் ஒருவர் கேட்டார். வீடு எரியும்போது தீயணைப்பு வண்டி நிறைய நிற்கும். அதற்காக அந்த வீட்டில் யாரும் குடியேற மாட்டார்கள்.

நாலு நாளில் சரியாகி, பத்து நாளில் திரும்ப வருகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். பாலைப் பரிசோதிக்காமல் உறுதி சொல்ல மாட்டேன், ஆனால் இந்தப் போக்கைப் பார்த்ததும் எனக்கு முதலில் நினைவுக்கு வருவது ஸ்டஃபைலோகாக்கஸ் ஆரியஸ் என்ற பாக்டீரியா. மடித் திசுவுக்குள் பதுங்கிக்கொள்ளும், மருந்து பட்டால் அடங்கும், பிறகு தலைகாட்டும். இதன் சில ரகங்கள் பாலில் ஒரு நச்சைச் சுரக்கும். காய்ச்சினால் பாக்டீரியா சாகும், அந்த நச்சு அப்படியே இருக்கும். திரி வரும் காம்புப் பாலைக் காய்ச்சிவிட்டால் சரி என்று நினைத்திருந்தால் அந்த எண்ணத்தை விட்டுவிடுங்கள்.

செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். அடுத்த முறை எந்த மருந்தும் ஏற்றுவதற்கு முன் பால் மாதிரி எடுக்க வேண்டும். காம்பு நுனியை ஸ்பிரிட் பஞ்சால் துடைத்து, முதல் இரண்டு மூன்று பீய்ச்சை விட்டுவிட்டு, சுத்தமான குப்பியில் பிடித்து, ஐஸ் வைத்து மாவட்டக் கால்நடை நோய் புலனாய்வுப் பிரிவுக்கோ நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரிக்கோ கொண்டு போங்கள். எந்தக் கிருமி, எந்த மருந்துக்குக் கேட்கும் என்று சொல்வார்கள். உங்கள் கால்நடை மருத்துவர் அதைப் பார்த்து மருந்து தரட்டும். ஆரியஸ்தான் என்று வந்தால் கறவைக் காலத்தில் குணமாவது கடினம், மாட்டை வற்றவிடும்போது காம்புக்குள் ஏற்றும் மருந்தில்தான் வாய்ப்பு அதிகம். அதற்கும் அடங்காவிட்டால் அந்தக் காம்பை நிரந்தரமாக வற்ற விடுவது அல்லது மாட்டைக் கழிப்பது பற்றிப் பேச வேண்டியிருக்கும். இரண்டாம் ஈத்து மாடு, மனசு கேட்காது, தெரியும்.

கற்றாழை வைத்தியம் பற்றிக் கேட்டிருந்தீர்கள். 250 கிராம் சோற்றுக்கற்றாழை, 50 கிராம் மஞ்சள்தூள், 15 கிராம் சுண்ணாம்பு அரைத்துத் தண்ணீர் விட்டுக் கரைத்து, மடியை முழுதும் கறந்துவிட்டு ஒரு நாளைக்கு எட்டுப் பத்து முறை, ஐந்து நாள் பூசுவது. ஆரம்பத்தில் நான் தடுப்பதில்லை, அடிக்கடி கறப்பதே பாதி வைத்தியம். ஆனால் மாட்டுக்குக் காய்ச்சல், தீவனம் எடுக்கவில்லை, மடி கல்லாகிவிட்டது, அல்லது மடி சில்லிட்டு நீலம் பாய்கிறது என்றால் ஒரு மணி நேரமும் தாமதிக்காமல் 1962 என்ற கால்நடை அவசர உதவி எண்ணுக்குப் போன் போடுங்கள்.

மூன்று காம்புப் பால்

இதில் உங்களைக் கடிந்துகொள்ள மனமில்லை, நிறையப் பேர் செய்வதுதான். ஆனால் தவறு. ஒரு காம்பில் ஏற்றிய மருந்து இரத்தத்தில் கலந்து மற்ற காம்புகளின் பாலிலும் வரும். மருந்து ஏற்றிய மாட்டின் எல்லாக் காம்புப் பாலையும் நிறுத்த வேண்டும். எத்தனை நாள் என்பது மருந்துக்கு மருந்து மாறும், அட்டையில் போட்டிருக்கும். பெரும்பாலும் கடைசி ட்யூபுக்குப் பிறகு மூன்று நான்கு நாள். அட்டையைப் பார்க்காமல் யாரும் ட்யூப் ஏற்ற விடாதீர்கள். காய்ச்சினால் மருந்து போகாது. தயிர் உறையாததற்கு இதுவே காரணமாக இருக்க வாய்ப்பு அதிகம், உறைமோரில் இருக்கும் பாக்டீரியாவும் பாக்டீரியாதானே, மருந்துக்கு ஆள் தெரியாது. பென்சிலின் ஒவ்வாத ஒருவர் அந்தப் பாலைக் குடித்திருந்தால் கதை தயிரோடு நின்றிருக்காது.

அந்த இரண்டு வீடுகளுக்கும் உண்மையைச் சொல்லி அந்த வாரக் காசைக் கழித்துக் கொடுத்துவிடுங்கள் என்பது என் யோசனை.

தினமும் பார்க்க வேண்டியது

கறக்கும் முன் ஒவ்வொரு காம்பின் முதல் இரண்டு பீய்ச்சைக் கறுப்புத் தட்டில் பிடித்துப் பாருங்கள், தரையில் விடாதீர்கள். வாரம் ஒருமுறை சோப்புத்தூள் சோதனை: 100 மில்லி தண்ணீரில் 3 கிராம் துணி சோப்புத்தூளைக் கரைத்து, ஒவ்வொரு காம்புப் பாலோடும் சம அளவு கலந்து ஆட்டினால், நோயுள்ள காம்புப் பால் கொழகொழவென்று வரும். திரி தெரிவதற்கு முன்பே இது காட்டிக்கொடுக்கும். நோயுள்ள மாட்டைக் கடைசியில் கறங்கள். கட்டைவிரலை மடக்கிக் கறக்கும் பழக்கம் இருந்தால் விடுங்கள், காம்பு நுனி கெட்டுப்போகும். முழுக்கையால் கறந்து, முடித்ததும் காம்பை அயோடின் கரைசலில் நனையுங்கள். பெண் கன்று இருந்தால் நாலிலிருந்து எட்டு மாதத்துக்குள் புருசெல்லா தடுப்பூசி போட்டாயிற்றா என்று பாருங்கள். ஊசி போடும்போது கையுறை இல்லாமல் நீங்கள் கன்றைப் பிடிக்க வேண்டாம், அதில் இருப்பது உயிருள்ள கிருமி.

சீம்பால்

பாலில் கிருமி எதிர்ப்பு உண்மையிலேயே கொட்டிக் கிடக்கும் இடம் இதுதான். சாதாரணப் பாலில் லிட்டருக்கு ஒரு கிராமை ஒட்டியிருக்கும் எதிர்ப்புப் புரதம், நல்ல சீம்பாலில் 50 கிராமுக்கு மேல் இருக்கும். காரணம், தாய் மாட்டின் நஞ்சுக்கொடி வழியாகக் கன்றுக்கு எதிர்ப்புச் சக்தி போகாது. கன்று வெறுங்கையோடுதான் பிறக்கிறது. அதன் குடல் இந்தப் புரதத்தை முழுசாக உறிஞ்சுவதும் முதல் ஆறு மணி நேரத்தில்தான் நன்றாக நடக்கும், ஒரு நாளில் அந்தக் கதவு அடைந்துவிடும்.

அதனால் விற்பனையை அப்புறம் பார்ப்போம். 30 கிலோ கன்று என்றால் முதல் ஆறு மணிக்குள் மூன்று லிட்டர் அதன் வயிற்றில் இருக்க வேண்டும், முதல் லிட்டர் ஒரு மணி நேரத்துக்குள். மூன்று நாள் கன்றுக்குக் கொடுத்தது போக மிஞ்சினால், வற்றவிடும்போது அந்த மாட்டுக்கு ட்யூப் ஏற்றியிருக்கவில்லை என்பதும் உறுதியானால், கேட்பவர்களுக்கு வேகவைத்துச் சாப்பிடச் சொல்லிக் கொடுங்கள்.

உங்கள் மாமியார், நஞ்சுக்கொடி விழும்வரை கன்றை ஊட்ட விடக் கூடாது என்று சொல்வதாக ஓரத்தில் எழுதியிருக்கிறீர்கள். அவரிடம் மரியாதையாக, ஆனால் கண்டிப்பாகச் சொல்லுங்கள்: கன்று ஊட்டினால் தாய் மாட்டுக்குச் சுரக்கும் ஆக்சிடோசின் கருப்பையையும் சுருங்க வைக்கும், கொடி விழவும் அது உதவும். கன்று எழுந்து நிற்கத் தடுமாறினால் காத்திருக்காமல் கறந்து பாட்டிலில் கொடுங்கள்.